மாஸ்டரின் பூட்டு நாட்கள்

கார் ஓட்டக் கற்றுத்தரும் வண்டியில் மாஸ்டரின் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. அவர் வாய்க்குத்தான் அப்படி ஒன்றை யாரும் பொருத்தித் தரவில்லை.

மூன்றாவது மாடியில் அவர் கத்தினால் கீழ்த்தளத்துத் தையல்காரம்மாவின் மெஷினில் தையல் கோணிக்கொள்ளும். இது தையல்காரம்மாவே சொல்வது. அந்த அம்மாள் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுக் கேட்பது அந்தக் கட்டடத்து வழக்கம் என்றாலும், இந்த விஷயத்தில் கழிக்க ஒன்றுமில்லை. உப்பு கூடினால் கத்துவார். குறைந்தால் கத்துவார். சரியாக இருந்தால், நேற்று மட்டும் ஏன் இப்படி இல்லை என்று கத்துவார். கை நீட்டியது கிடையாது, குடி கிடையாது, வேலை விட்டால் வீடு. அதனால், "நான் என்ன அடிச்சேனா, உதைச்சேனா?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டால் வழக்கு தள்ளுபடி என்று இருபத்தைந்து வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

வழக்கை மறுபடி திறந்தது மகள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். ஊருக்கெல்லாம் ஸ்டீரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிற அப்பா வீட்டிலேயே இருக்கும்போது வெளியே போவானேன் என்று அவரிடமே கற்றுக்கொள்ள உட்கார்ந்தாள். நாலாம் நாள், நாற்சந்தியில், பச்சை விளக்கு விழுந்த நேரத்தில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் ஹாரன். ஜன்னல் திறந்திருப்பதை மறந்து மாஸ்டர் கத்திய கத்தலில், சாலையைக் கடக்க நின்றிருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் சாவியைத் திருப்பி எடுத்தாள், அவர் மடியில் வைத்தாள், கதவைத் திறந்து இறங்கி நடந்தாள். நாலு பஸ் நிறுத்தம் தள்ளி இருக்கும் அத்தை வீட்டில், அதாவது மாஸ்டரின் அக்கா வீட்டில் போய்த்தான் நின்றாள். மாஸ்டர் இருக்கை மாறி உட்கார்ந்து வண்டியை எடுக்கும்போது அவருக்கே இரண்டு தடவை நின்றுபோனதாகக் கேள்வி.

மறுநாள் அக்கா மூலமாகச் சேதி வந்தது. சேர்ந்தாற்போல் முப்பது நாள் அப்பா கத்தாமல் இருந்தால் வீட்டுக்குத் திரும்பி வருவாள். அம்மாதான் சாட்சி. இடையில் ஒரு நாள் தவறினாலும் எண்ணிக்கை முதலிலிருந்து.

முப்பது நாளா, பூ என்றார் மாஸ்டர். மூன்றாம் நாளே ஈரத் துண்டுக்காகக் கத்தினார்.

அப்போது அவரிடம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தவர்களில் ஒரு உடற்பயிற்சிக் கூடக்காரர் இருந்தார். தன்னிடம் வருகிறவர்கள் தங்களுக்குத் தாங்களே தண்டனை வைத்துக்கொள்வதைப் பற்றி அவர்தான் சொன்னார். ஒரு நாள் பயிற்சிக்கு மட்டம் போட்டவர் தன் கட்டடத்துப் படிக்கட்டு முழுவதையும் கழுவ வேண்டும், இப்படி. தண்டனை வலிக்க வேண்டும், அப்போதுதான் மனசு பயப்படும் என்றும் சொல்லிவைத்தார். மாஸ்டருக்கு எது வலிக்கும்? ராத்திரி முழுக்க யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பேச்சுதான். ஒரு தடவை கத்தினால் மறுநாள் முழுக்க வாய்ப்பூட்டு. விடிந்ததிலிருந்து படுக்கிறவரை ஒரு வார்த்தை கூடாது. பூட்டு நாளில் வாய் திறந்தால் கூடுதலாக இன்னொரு நாள். கத்தல் எது, பேச்சு எது என்று தகராறு வந்தால், தையல்காரம்மாவுக்குக் கேட்டதா இல்லையா என்பதே தீர்ப்பு. பெண்டாட்டி நீதிபதி. பதவியை அவள் ஒரு பேச்சுக்குக்கூட மறுக்கவில்லை. மாஸ்டர் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

வேலைக்குப் போக வேண்டுமே என்று அவள் ஒரு அட்டை எழுதிக் கழுத்தில் மாட்டிவிட்டாள். 'தொண்டைக்கு ஓய்வு. மருத்துவர் சொல்லியிருக்கிறார்.' அட்டையோடு மாஸ்டர் வண்டியில் ஏறி, விரலால் முன்பலகையைத் தட்டிப் பாடம் நடத்தினார். ஒரு தட்டு, வேகம் குறை. இரண்டு தட்டு, நிறுத்து. உள்ளங்கையால் மெதுவாகத் தடவினால், கிளச்சை விடு, பரவாயில்லை. நாலு தடவை தேர்வில் தோற்ற ஓய்வுபெற்ற டீச்சர் ஒருத்தி, மூன்றே அட்டை நாட்களில் ரிவர்ஸ் எடுக்கக் கற்று, ஐந்தாவது தடவை தேறிவிட்டாள். "தொண்டை வலி எப்போ திரும்ப வரும் சார்?" என்று மற்றவர்கள் விசாரிக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன் தான் போட்ட அஸ்திவாரம்தான் டீச்சரைத் தேற்றியது என்பது மாஸ்டரின் கருத்து.

இதில் மாஸ்டருக்கு ஒரே ஒரு மனக்குறை. மகள் இடையிடையே வீட்டுக்கு வந்து போனாள். மத்தியானம் வருவாள், சேர்ந்து சாப்பிடுவாள், அவர் தட்டில் அவளே பரிமாறுவாள், சாயங்காலம் போய்விடுவாள். அவள் வந்த நாளெல்லாம் எப்படியோ பூட்டு நாளாகவே அமைந்தது. முதல் நாள் சாயங்காலம் ஏதாவது நடக்கும், கத்திவிடுவார், மறுநாள் மகள் வந்து நிற்பாள். சொல்ல நினைத்ததையெல்லாம் சோற்றோடு சேர்த்து விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த நாற்சந்தி விஷயத்தைப் பற்றி, அன்றைக்குத் தன் மேல்தான் தப்பு என்பதைப் பற்றி, வண்டி நின்றது கிளச்சால் அல்ல, இந்தக் கிழட்டு வண்டியின் கோளாறு என்பதைப் பற்றி ஒரு பேச்சே மனசுக்குள் தயாராக இருந்தது. நாலு மாதத்தில் ஆறு தடவை வந்துவிட்டாள். ஒரு வார்த்தை பேசக் கொடுத்துவைக்கவில்லை. என் நேரம் என்று தலையில் அடித்துக்கொண்டார், அதையும் சத்தம் வராமல்.

ஒரு தடவை மட்டும் எண்ணிக்கை இருபத்தாறு வரைக்கும் போய்விட்டது. கட்டடமே ஆச்சரியப்பட்டது. மாஸ்டர் தெருவில் நடக்கும்போது கொஞ்சம் மெதுவாகவே நடந்தார், யாராவது வந்து கேட்கட்டும் என்று. இருபத்தாறாம் நாள் சாயங்காலம் அவர் மூக்குக்கண்ணாடியைக் காணோம். அலமாரி, படுக்கை, குளியலறை எங்கும் இல்லை. தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தால், காய்கறித் தட்டில் வெள்ளரிக்காய்க்குப் பக்கத்தில் குளிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தது. அன்றைக்குக் கேட்ட சத்தத்தில் எதிர்க் கட்டடத்திலும் இரண்டு ஜன்னல் திறந்தது.

கத்தி முடித்ததும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அந்தக் காய்கறித் தட்டையே பார்த்தார். கண்ணாடியை ஃபிரிட்ஜில் வைத்தது யார்? அவர்தானே கடைசியாகத் தண்ணீர் எடுத்தார்? அதற்கு முந்தின மாதம் அலாரக் கடிகாரம் அழுக்குக் கூடையில் கிடந்தது. அதற்கும் முன்னால், இஸ்திரி போட்ட சட்டை பால்கனியில் பூந்தொட்டிக்குப் பின்னால். ஒவ்வொன்றாக விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். யாரிடமும் சொல்லாமல், வேலைக்குப் போகிற மாதிரி கிளம்பி, மறதி வியாதி பார்க்கிற மருத்துவரிடம் போனார். இது தையல்காரம்மாவுக்கே தெரியாது என்றால் எவ்வளவு ரகசியமாகப் போயிருப்பார் என்று பார்த்துக்கொள்ளலாம்.

பிறகு எண்ணிக்கை மறுபடி ஒன்று, இரண்டு என்று தொடங்கிப் பன்னிரண்டுக்கு வந்தது. பன்னிரண்டாம் நாள் காலையில் வண்டிச் சாவி சர்க்கரை டப்பாவுக்குள் இருந்தது. கத்தினார். கத்தியது கொஞ்சம்தான், மீதிக்குக் குரல் எழும்பவில்லை.

மறுநாள் பூட்டு நாள். மகள் மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்தாள். பதினொரு மணிக்கு வர வேண்டிய ஆளுக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்ததும் மாஸ்டர் அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடையைக் கட்டினார். கீழ்த்தளத்தில் தையல்காரம்மா பல்லில் நூலைக் கடித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணே, என்ன இன்னிக்குச் சீக்கிரமா? பொண்ணு அப்பவே வந்துருச்சு. பூட்டு நாளாச்சே, வராம இருக்குமா?"

மாஸ்டர் முதல் படியில் வைத்த காலை எடுக்கவில்லை. அந்த அம்மாள் அதைச் சொன்ன விதம், ஞாயிற்றுக்கிழமை என்றால் கடை மூடியிருக்கும் என்பதைப் போல இருந்தது. தான் சொன்னது என்ன என்று அவளுக்கே அப்புறம்தான் உறைத்தது. நூலைத் துப்பிவிட்டு, மெஷினை இல்லாத வேகத்தில் ஓட்டத் தொடங்கினாள்.

மூன்று மாடியும் செருப்புச் சத்தம் வராமல் ஏறினார். வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ரேடியோ. பெண்டாட்டி காய் நறுக்கும் சத்தம். அந்த வீட்டில் ரேடியோ பாடி அவர் கேட்டதே இல்லை.

"அடுத்த லீவு எப்போடி?" என்றாள் பெண்டாட்டி.

"வியாழக்கிழமைம்மா."

"அப்போ புதன்கிழமை சாயங்காலம் ஏதாவது பண்ணணும். கண்ணாடி, சாவி எல்லாம் ஆயிருச்சு. இந்தத் தடவை ரிமோட்ட எடுத்து அவரு ஷூவுக்குள்ள போட்டுடறேன்."

மகள் சிரித்தாள். சிரித்துவிட்டு, "பாவம்மா அப்பா. அன்னிக்கு இருபத்தாறு வரைக்கும் வந்துட்டாரு" என்றாள்.

"அதான்டி எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. முப்பது முடிஞ்சா நீ பெட்டியோட வந்துருவ. முப்பத்தொண்ணாவது நாள் அவரு வாயத் திறப்பாரு. நீ மறுபடி இறங்கிப் போனா, அப்புறம் வரவே மாட்ட. இப்படின்னா அப்பப்பவாவது உன் முகத்தப் பாக்கறேன். நிம்மதியா ஒரு வாய் சாப்பிடறோம்."

மாஸ்டர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். தனக்குத்தானே போட்டுக்கொண்ட தண்டனைக்கு, தன்னைத் தவிர மற்ற எல்லோரும் நாள் பார்த்துக் காத்திருந்திருக்கிறார்கள். பூட்டு நாள் என்றால் அவர்களுக்குத் திருநாள். தான் செத்துப் பிழைத்து எண்ணிய இருபத்தாறு நாளை, கண்ணாடியை ஒரு வெள்ளரிக்காய்க்குப் பக்கத்தில் வைத்துப் பெண்டாட்டி முடித்துவிட்டாள். இதெல்லாம் மண்டைக்குள் ஏறுவதற்கு முன்னால் இன்னொன்று ஏறியது. அதுதான் அவரை நிலைகுலைய வைத்தது. 'அப்பாடா, எனக்கு மூளை கெடவில்லை.' அவமானத்துக்கும் முன்னால் வந்து நின்றது அந்த நிம்மதி.

கதவைத் தள்ளினார்.

பெண்டாட்டியின் கத்தி காயில் பாதியில் நின்றது. மகள் எழுந்து சுவரோரமாக ஒதுங்கினாள், பழைய பழக்கம். கீழே மெஷின் சத்தம் நின்றுபோனது. கட்டடமே தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தது. மாஸ்டர் வாயைத் திறந்தார். வந்த குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

"கண்ணாடிய ஃபிரிட்ஜுல வச்சது நீயா?"

"ஆமா" என்றாள் பெண்டாட்டி, தரையைப் பார்த்து.

"சாவி?"

"அதுவும்தான்."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "எனக்கு மறதி வியாதி வந்துருச்சுன்னு நெனச்சேன். டாக்டர்கிட்டப் போனேன். கடிகாரம் வரைஞ்சு, பதினொண்ணு பத்துக்கு முள்ளு போடச் சொன்னாரு. பயத்துல வட்டமே வரல. அப்படிப்பட்டவன் அடுத்தவங்க உயிர வச்சுக்கிட்டு வண்டியில உக்காரலாமா? வேலைய விட்டுடறேன்னு எழுதி, பத்து நாளா சட்டைப் பையில வச்சிருக்கேன்."

பெண்டாட்டி கத்தியைக் கீழே வைத்தாள். மேடை விளிம்பில் வைத்ததில் அது நழுவித் தரையில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. இருபத்தைந்து வருஷத்தில் எத்தனையோ சத்தத்துக்கு அசையாதவள், சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். ஒரு சின்ன விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தாள். அந்த ஆள் உள்ளுக்குள் இப்படி ஒடுங்கிப்போயிருப்பார் என்று யார் கண்டார்கள்?

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள்.

"சொல்லணும்னுதான் வந்தேன். அன்னிக்குப் பூட்டு நாள்."

ரேடியோவை மகள்தான் அணைத்தாள். அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், தெரியாத வீட்டுக்குள் நுழைந்துவிட்டவளைப் போல. அப்பா இப்படிப் பேசி, பிறந்ததிலிருந்து தான் கேட்டதே இல்லை என்று அத்தையிடம் பிறகு சொன்னாளாம்.

வீட்டுக்கு வந்துவிடுவாயா என்று அவர் கேட்டார். வியாழக்கிழமை வருகிறேன், அம்மா ஒன்றையும் ஒளித்துவைக்கக் கூடாது, அப்பா பூட்டு நாளாக வைத்திருக்கக் கூடாது, பார்க்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

புதன்கிழமை சாயங்காலம் மாஸ்டர் வீட்டில் ஒவ்வொரு பொருளாகத் தொட்டுப் பார்த்தார். ரிமோட் அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. ஷூவுக்குள் கையை விட்டுப் பார்த்தார், காலுறைதான். பெண்டாட்டி சமையலறை வாசலில் நின்று, இரண்டு கையும் தெரிகிற மாதிரி விரித்துக் காட்டினாள்.

வியாழக்கிழமை மகள் வந்தாள். கையில் ஒரே ஒரு பை. இரண்டு நாள் உடுப்புக்கு மேல் அதில் கொள்ளாது என்று தையல்காரம்மா பார்த்தவுடனேயே அளவு சொல்லிவிட்டாள். மாஸ்டர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பெண் பார்க்க வந்தவரைப் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். நாலு மாதம் சேர்த்து வைத்திருந்த பேச்சில் முதல் வரியே மறந்துபோயிருந்தது. "வெயில் ஜாஸ்தி" என்றார். ஆமாம் என்றாள் மகள்.

அப்புறம் அவள் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள். அவள் படம் போட்ட ஓட்டுநர் உரிமம். தேதி இரண்டு மாதத்துக்கு முந்தியது. ஒளித்துவைப்பது இன்றைக்கு யாருக்கும் கூடாது என்பதால் காட்டிவிடுகிறேன் என்றாள்.

மாஸ்டரின் பெண்ணுக்கு வேறொருவர் கற்றுக்கொடுத்திருக்கிறார். சமையல்காரன் வீட்டுக்கு வெளியிலிருந்து சாப்பாடு வந்த மாதிரி.

"எவன்கிட்ட?"

கீழே மெஷின் நின்றது. ஒரே ஒரு வார்த்தைதான், ஆனால் மூன்று மாடியும் இறங்கிப்போய் வந்தது. பெண்டாட்டி கண்ணை மூடிக்கொண்டாள். மாஸ்டர் எழுந்தார், நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டார், வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தண்டனையை நாளைக்கு என்று தள்ளிப்போடாமல் அப்போதே தொடங்கிவிட்டதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்திருக்கலாம்.

மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வாசல் வரை போனாள். திரும்பி வந்து, அவருக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த ஒன்றரை அடி இடத்தில் நின்றாள்.

"பூட்டிட்டீங்களாப்பா?"

தலையாட்டினார்.

"இது தண்டனையே இல்ல. எங்களுக்கு லீவு, உங்களுக்கு வசதி. கத்துவீங்க, அப்புறம் வாய மூடிட்டுச் சாமியார் மாதிரி உக்காந்துக்குவீங்க. கேட்டவ என்ன ஆனான்னு பாக்கவே வேணாம் பாருங்க. தண்டனைன்னா நான் சொல்றேன். இப்பக் கத்துனதத் திரும்பச் சொல்லுங்க. மெதுவா. என்னப் பாத்து."

மாஸ்டர் பெண்டாட்டியைப் பார்த்தார். நீதிபதி கை கட்டி நின்றாள். வேறு வழியில்லை.

"எவன்..." என்று தொடங்கினார். குரல் ஏறியது. மகள் அசையாமல் நின்றாள். மறுபடி தொடங்கினார். மறுபடி ஏறியது. நெற்றியில் வியர்வை. மலைச்சரிவில் நிறுத்திய வண்டியைப் பின்னால் உருளாமல் எடுக்கிறவன் படும் பாடு. ஐந்தாவது தடவைதான் வந்தது.

"யாருகிட்டம்மா கத்துக்கிட்ட?"

பாலத்துக்குப் பக்கத்து ஓட்டுநர் பள்ளியில் ஒரு மேடம் என்றாள். அடுத்ததைக் கேட்கச் சொன்னாள். ரிவர்ஸ் வந்ததா என்று கேட்டார். வந்தது என்றாள். ஏற்றத்தில் எடுக்கத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாள். பழைய நாளில் ஒரே மூச்சில் கத்தி முடித்திருக்கக்கூடிய சங்கதிக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. ஒரு நாள் முழுக்க வாய் மூடிக் கிடப்பது இதற்கு எவ்வளவோ தேவலை என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதும் திடுக்கிட்டார். அவள் சொன்னது அதைத்தானே?

கடைசிக் கேள்வியும் மெதுவாகத்தான் வந்தது.

"திரும்ப எங்கிட்டயே வந்து கத்துக்கணும்னு தோணலையா?"

"தோணுச்சுப்பா. வண்டியில ஏறணும்னு நெனச்சாலே கை சில்லுனு ஆயிடும். இன்னும்தான். பாலத்துகிட்ட அந்த மேடம் இருமினாக்கூட பிரேக்க மிதிச்சுட்டிருந்தேன்."

மாஸ்டர் அவள் கையைப் பார்த்தார். நாள் முழுக்க அடுத்தவர் நரம்பில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தும் நடுங்காத கை. அதற்குத் தன் குரல் என்ன செய்திருக்கிறது என்பதை அவர் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறார். 'அடிச்சேனா, உதைச்சேனா' என்கிற கேள்வி நாக்கு நுனி வரை வந்து, உள்ளேயே திரும்பிப்போயிற்று. சொல்ல ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை வாயை யாரும் பூட்டியிருக்கவில்லை.

கீழே தையல்காரம்மா, ஒரு மணி நேரமாக ஒன்றும் காதில் விழாத ஆத்திரத்தில், யாரும் தைக்கக் கொடுக்காத சட்டை ஒன்றைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

மகள் பையைக் கொண்டுபோய்த் தன் அறையில் வைத்தாள். பெண்டாட்டி மூன்று தட்டு எடுத்து வைத்தாள். சாப்பிட உட்காரும்போது மாஸ்டர், இன்றைக்கு இருப்பாயா என்று கேட்டார். இருப்பேன் என்றாள்.

"நாளைக்கு?"

"அத நாளைக்குக் கேளுங்க. இதே மாதிரி கேளுங்க" என்று சொல்லி, அவர் தட்டில் பரிமாறினாள்.